பதினொன்று நாற்பத்தேழுக்கு ஒரு பாலிசி

அத்தியாயம் 5

அந்தப் பெண் படியேறி வந்தபோது வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி. நான் தரையில் குந்தி, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அட்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். துப்பறியும் அலுவலகம் என்றால் சுழல் நாற்காலியும் ரகசிய அலமாரியும் இருக்கும் என்று நம்புகிறவர்கள் ஒரு நாள் வந்து பார்க்கலாம். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே எங்கள் மேசையும் சேர்ந்து நடுங்கும்.

மேசைக்கு அந்தப் பக்கம் அண்ணி, அதாவது என் அண்ணன் மனைவி. ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இழப்பீடு கேட்டு வருகிறவர்களை விசாரிக்கும் வேலையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். பொய்யை மொத்த வியாபாரத்தில் கேட்டுச் சலித்துவிட்டது, இனி சில்லறையில் கேட்கலாம் என்று வேலையை விட்டுவிட்டு இந்த அறையைப் பிடித்தார். மேசைக்கு இந்தப் பக்கம் நான். வீடு வீடாகப் போய் அகராதி விற்றுக்கொண்டிருந்தவனை, "வாய் இருக்கு, வேலை இல்லை, வாங்க" என்று கூட்டி வந்தவரும் அவர்தான். அண்ணி திட்டும்போதுகூட மரியாதை குறையாது. "தம்பி, வாயை மூடுங்க" என்பதைத்தான் இந்த அறையில் நான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

வந்தவளுக்கு இருபத்தாறு வயதிருக்கும். கழுத்தில் கப்பல் சுற்றுலாக் கம்பெனி ஒன்றின் அடையாள அட்டை தொங்கியது.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு என் வேலை போயிடும் மேடம்," என்றாள்.

"இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. உட்காருங்க," என்றார் அண்ணி.

அவள் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். கடல் எங்கள் ஊரிலிருந்து ஆறு மணி நேர ரயில் தூரம். இங்கே இருப்பது கம்பெனியின் டிக்கெட் அலுவலகம் மட்டும். அதில் அவள் எழுத்தர். அவளை வளர்த்தது அவள் அம்மாவின் தம்பி. சலவைக்கடைக்காரர். அந்த மாமாவும் அத்தையும் வரும் சனிக்கிழமை கிளம்பும் கப்பலுக்கு நான்கு மாதம் முன்பே டிக்கெட் எடுத்திருந்தார்கள்.

"செவ்வாய்க்கிழமை காலைல பதினொண்ணு இருபதுக்குத் தலைமை அலுவலகத்துலேருந்து மெயில் வந்துச்சு. இன்ஜின்ல கோளாறு, சனிக்கிழமை பயணம் ரத்து. சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் அறிவிப்போம், அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு. அதைப் படிச்சது ரெண்டே பேர். மேனேஜர், அப்புறம் நான்."

"சரி."

"பதினொண்ணு நாப்பத்தேழுக்கு மாமா பயண இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கார்."

நான் அட்டையைக் கை நழுவ விட்டேன். மேசை ஒரு பக்கமாகச் சாய்ந்து, அண்ணியின் காபி தட்டில் ததும்பியது.

"நாலு மாசமா எடுக்காதவரா?" என்று கேட்டார் அண்ணி.

"முன்பணம் கட்டின அன்னிக்கே சொன்னேன் மேடம். இப்பவே எடுத்தா உங்க பிரஷருக்கும் சேர்த்து கவர் ஆகும், ரெண்டு வாரம் தாண்டிட்டா பழைய வியாதி எதுவும் கவர் ஆகாதுன்னு. 'ஏறுறதுக்கு முன்னாடியே மூழ்குறதுக்குப் பணம் கட்டச் சொல்றியா'ன்னார். வாராவாரம் சொல்லிப் பார்த்தேன். காதுல வாங்கவே இல்ல. இப்பப் போய் எடுத்திருக்கார்."

"மேனேஜர் எப்படிக் கண்டுபிடிச்சார்?"

"எங்க கம்பெனி ஆப்லயேதான் பாலிசி விக்கிறோம். நேத்து காலைல அவர் பட்டியல் எடுத்துப் பார்த்திருக்கார். செவ்வாய்க்கிழமை எடுத்தது ஒரே ஒருத்தர். பேர், டிக்கெட் நம்பர், நேரம், அவ்வளவுதான் அதுல இருக்கும். யாரோட மாமான்னு அவருக்குத் தெரியும். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள விளக்கம் கொடு, இல்லைன்னா கிளம்புன்னுட்டார்."

"மாமாகிட்டயே கேட்டுட வேண்டியதுதானே?" என்றேன் நான்.

"கேட்டேன். 'தோணுச்சு, எடுத்தேன்'னார். அதுக்கு மேல ஒரு வார்த்தை வரல. பாலிசியைக் காட்டுங்கன்னா அதுவும் மாட்டேங்குறார்."

அண்ணி காபித் தட்டைத் துடைத்தபடி, "இன்னொண்ணு இருக்கே, அதையும் சொல்லிடுங்க," என்றார்.

"என்ன மேடம்?"

"கைப்பை வாரை இதுவரைக்கும் மூணு தடவை முடிச்சுப் போட்டு அவுத்துட்டீங்க."

அவள் வாரை விட்டாள். முகம் சிவந்துவிட்டது. "பதினொண்ணு முப்பத்தொண்ணுக்கு ஆபீஸ் போன்லேருந்து மாமாவுக்குப் பேசினேன். போன் பேசின லிஸ்ட்டும் மேனேஜர்கிட்ட இருக்கு. ஆனா சத்தியமா நான் எதுவும் சொல்லல மேடம். மாமா கடையை விட்டு ஒரு வாரம் எங்கயும் போனதில்ல. இந்தக் கப்பல் படத்தைக் காலண்டர் மாதிரி மாட்டி வச்சிருக்கார். மெயிலைப் படிச்சதும் தாங்கல. சும்மா குரலைக் கேக்கணும்னு தோணுச்சு. 'சாப்பிட்டீங்களா மாமா'ன்னு கேட்டுட்டு வச்சுட்டேன்."

"பதினொன்றரை மணிக்கா?" என்றேன்.

"தம்பி, வாயை மூடுங்க," என்றார் அண்ணி. எழுந்து பையைத் தோளில் மாட்டினார். "பயண இன்ஷூரன்ஸ் எடுக்கிறதுக்குச் சரியான நாள் ஒண்ணுதான். முன்பணம் கட்டுற நாள். அன்னிக்கு எடுக்கிறவங்க பத்துல ஒருத்தர் இருந்தா அதிகம். மத்தவங்க எல்லாரும் பயம் வர்ற நாள்லதான் எடுப்பாங்க. அதனால நான் எந்தப் பாலிசியை எடுத்தாலும் முதல்ல தேதியைத்தான் பார்ப்பேன். உங்க மாமாவை அந்தப் பதினாறு நிமிஷத்துல எதுவோ பயமுறுத்தியிருக்கு. அது உங்க போனா, வேற ஏதாவதான்னு கண்டுபிடிச்சுட்டா போச்சு."

"மேடம், நீங்களாவது என்னை நம்புறீங்களா?"

"நம்புறதுக்கு நான் பீஸ் வாங்குறதில்ல. வாங்க, போகலாம்."

சலவைக்கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. உள்ளே நுழைந்ததும் நீராவி முகத்தில் அடித்தது. கூரையோரம் நீண்ட கம்பிகளில் நூற்றுக்கணக்கான துணிகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு குத்தியிருந்தது. முன்னால் நீள மேசை. அங்கே அத்தை உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவர் கைக்கு எட்டும் இடத்தில் இரண்டு சீட்டுக் கட்டுகள், சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று. பக்கத்தில் சீட்டில் தேதியும் நேரமும் குத்தித் தரும் சின்ன மெஷின்.

பின்னால் மாமா நின்று தேய்த்துக்கொண்டிருந்தார். அகலமான மனிதர். கை மட்டும் நடனக்காரர் கை மாதிரி லேசாக ஓடியது. ஒரு சட்டை முடிந்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். வைத்தவர், அது நிமிர்ந்துதான் நிற்கிறதா என்று இன்னொரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அடுத்த சட்டை முடிந்ததும் அதையே செய்தார்.

"மாமா, இவங்க எனக்காக வந்திருக்காங்க. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லிடுங்க," என்றாள் அவள்.

"தோணுச்சு, எடுத்தேன்," என்றார் மாமா, காலரைப் பார்த்தபடி.

"எதைப் பார்த்துத் தோணுச்சு?" என்றார் அண்ணி.

"ம்."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"ம்ஹூம்."

அகராதி விற்ற காலத்தில் கதவைச் சாத்தும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். இவர் கதவே வைக்காமல் சுவராகக் கட்டிவிட்டவர். நான் பேச்சைத் திருப்பலாம் என்று கடையைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு பக்கச் சுவரில் கப்பல் படம். எதிர்ச் சுவரில் ஒரு நீளச் சதுரம் மட்டும் புகை படியாமல் வெளிறித் தெரிந்தது. மேலே இரண்டு ஆணிகள் சும்மா நின்றன.

"இங்கே இருந்தவர் கோவிச்சுக்கிட்டு இறங்கிப் போயிட்டாரா?" என்று அத்தையிடம் கேட்டேன்.

"பலகை இருந்துச்சு. பெயிண்ட் அடிக்கக் கழட்டினேன்னார். இப்ப பலகையையும் காணோம், பெயிண்டையும் காணோம்," என்றார் அத்தை, நூலைப் பல்லால் கடித்தபடி.

அப்போதுதான் என் கண்ணில் அது பட்டது. கம்பியில் ஏழாவதாக ஒரு வெள்ளைக் கோட்டு, நங்கூரம் பொறித்த பொன்னிறப் பொத்தான்களோடு தொங்கியது.

"இது யாரோடது?"

"எங்க மேனேஜரோடது," என்றாள் அவள். "கப்பல் கிளம்புற ஒவ்வொரு தடவையும் துறைமுகத்துக்குப் போய் இதைப் போட்டுக்கிட்டுத்தான் பயணிகளுக்குக் கையாட்டுவார்."

"உசிரை வாங்குவாரே," என்று அத்தையும் சேர்ந்துகொண்டார். "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குக் கைக்கு வரணும். மூணு வருஷமா சிவப்புச் சீட்டுதான், அவசரக் கட்டணம்தான். இந்த வாரம்தான் அதிசயமா மஞ்சள் போடச் சொல்லிட்டார். பத்து நாள் கழிச்சு வாங்கிக்கறேன்னுட்டார்."

எனக்கு உள்ளங்கால் வரை சிலிர்த்தது. துப்பறியும் தொழிலில் சேர்ந்து மூன்று வருடத்தில் இப்படி ஒரு நொடி எனக்கு வாய்த்ததில்லை. அதை நான் சிக்கனமாகச் செலவழிக்கவில்லை. கோட்டை ஹாங்கரோடு எடுத்து உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணி, வழக்கு முடிஞ்சுது. சனிக்கிழமை கப்பல்னா சிவப்புச் சீட்டு. சீட்டு மஞ்சள்னா சனிக்கிழமை கப்பல் இல்லை. ஐயா இதைப் பார்த்துட்டு ரெண்டும் ரெண்டும் நாலுன்னு கணக்குப் போட்டு, உடனே பாலிசி எடுத்திருக்கார். வாடிக்கையாளர் துணியைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டதை வெளிய சொல்றது தொழில் தர்மம் இல்லைன்னு வாயை மூடிட்டார். ரகசியத்தை வெளியே விட்டது இந்தப் பொண்ணு இல்ல, மேனேஜர் கோட்டு."

அந்தப் பெண் என்னைக் கும்பிடாத குறை. அத்தைகூட ஊசியை நிறுத்திவிட்டார். அண்ணி பக்கத்தில் வந்து, கோட்டில் குத்தியிருந்த மஞ்சள் சீட்டைத் திருப்பினார்.

"பிரமாதம் தம்பி. இதுல என்ன நேரம் போட்டிருக்கு, படிங்க."

படித்தேன். செவ்வாய், பிற்பகல் 2.15.

"சாப்பிடப் போனவர் அப்படியே கொடுத்துட்டுப் போனார்," என்று அத்தை விளக்கினார்.

"ரெண்டேகாலுக்கு வந்த கோட்டைப் பார்த்து, பதினொண்ணு நாப்பத்தேழுக்கு எப்படிப் பயந்தார்?" என்றார் அண்ணி.

கோட்டைக் கம்பியில் திரும்ப மாட்டினேன். அது என்னைவிட மிடுக்காக நின்றது. அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஐம்பது. அவள் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. ஒரு பிள்ளைக்கு ஆசை காட்டி ஏமாற்றிவிட்டேன்.

அண்ணி மட்டும் அவசரப்படவில்லை. "இந்தச் சீட்டோட அடிக்கட்டை எனக்கு ஒரு மணி நேரத்துக்கு வேணும்மா," என்று அத்தையிடம் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அந்த வெளிறிய சதுரத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"அந்தப் பலகையில என்ன எழுதியிருந்துச்சு?"

அத்தைக்கு அது மனப்பாடம். "'முப்பத்தோரு வருடம். ஒரு துணிகூடக் கருகியதில்லை.' ஒவ்வொரு வருஷமும் எண்ணை மட்டும் அழிச்சு எழுதுவார். ஊர்ல யார் வந்தாலும் முதல்ல அதைத்தான் காட்டுவார்."

பின்னால் இஸ்திரிப் பெட்டி ஓடும் சத்தம் நின்றிருந்தது.

"எப்பக் கழட்டினார்?"

"செவ்வாய்க்கிழமை. நான் பதினோரு மணிக்குப் பொத்தான் வாங்கப் போனப்ப இருந்துச்சு. பன்னெண்டுக்குத் திரும்பி வந்தப்ப இல்ல."

அண்ணி மெதுவாக நடந்து தேய்க்கும் மேசைக்கு முன்னால் போய் நின்றார். அவர் குரல் தணிந்திருந்தது. "ஐயா, பலகையைக் கழட்டச் சொல்லி யாரும் சொல்லல. நடந்ததை யாரும் பார்க்கவும் இல்ல. அது அங்கயே இருந்திருந்தாலும் ஒரு வாடிக்கையாளரும் கேட்டிருக்க மாட்டாங்க. ஆனா அதுல எழுதினது பொய்யாப் போன பிறகு, உங்களால அஞ்சு நிமிஷம்கூட அதை அங்க விட்டு வைக்க முடியல."

மாமா பெட்டியை நிமிர்த்தி வைத்தார். தொட்டுப் பார்த்தார்.

"தம்பி, மேசைக்கு அடியில குனிஞ்சு பாருங்க."

குனிந்தேன். பலகை குப்புறக் கிடந்தது. அதற்கு அடியில் பழுப்புக் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம். கடையில் இருந்த அத்தனை துணியிலும் சீட்டு இல்லாதது அது ஒன்றுதான். நான் கையை நீட்டியதும், "அதை எடுக்காதீங்க" என்றார் மாமா. 'தோணுச்சு, எடுத்தேன்' தவிர, உள்ளே போனதிலிருந்து அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

"எடுக்க மாட்டார்," என்றார் அண்ணி. "அது உங்க இஷ்டம். மணி நாலு அஞ்சு. அஞ்சு மணிக்கு உங்க அக்கா பொண்ணுக்கு வேலை இல்லை. அதையும் சேர்த்து யோசிச்சுட்டு முடிவு பண்ணுங்க."

மாமா அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு மேசையோரம் இருந்த அத்தையைப் பார்த்தார். அவ்வளவு பெரிய உடம்பை மடக்கிக் குனிந்து, பொட்டலத்தை அவரே எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு நீலச் சேலை. முந்தானையின் நடுவில், அச்சுக் குத்தியது போல, இஸ்திரிப் பெட்டியின் முழு உருவமும் பழுப்பாகப் பதிந்திருந்தது.

"கப்பல்ல ராத்திரி விருந்துக்குக் கட்டிக்கறேன்னு வாங்கினா," என்றார் மாமா, யாரையும் பார்க்காமல். "இவ கடைக்குப் போன நேரத்துல தேய்ச்சு வச்சு அசத்தலாம்னு எடுத்தேன். பாதியில போன் வந்துச்சு."

"என் போனா மாமா?"

"குரல் என்னமோ மாதிரி இருந்துச்சும்மா உனக்கு. சாப்பிட்டீங்களான்னு கேக்குற, ஆனா அழுதவ மாதிரி இருக்கு. என்னவோன்னு காதை அங்க கொடுத்துட்டேன். பெட்டியை நிமிர்த்த மறந்துட்டேன். வாசனை வந்தப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "இதை ஏன் மாமா ரெண்டு நாளா சொல்லல?"

"சொன்னா 'என்னாலதான்'னு நீ உக்காந்து அழுவ. இவகிட்ட எப்படிச் சொல்றதுன்னும் தெரியல. தப்பே பண்ணாத பொண்ணை யார் வேலையை விட்டு அனுப்பப் போறாங்க, ரெண்டு நாள்ல சரியாயிடும்னு நினைச்சேன்."

"பாலிசி?" என்றார் அண்ணி.

மாமா தன் இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்துக்கொண்டார். "முப்பத்தோரு வருஷமா இதை நம்பினேங்க. அன்னிக்கு இதுவே என்னைக் கவுத்துடுச்சு. என் கையே இப்படின்னா, எவனோ ஓட்டுற கப்பலை நான் எப்படி நம்புறது? உடனே போனை எடுத்துப் பாலிசி போட்டேன். அதுக்கப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

"அதைக் கொஞ்சம் காட்டுங்க."

அவர் தயங்கித் தயங்கிப் போனைத் திறந்து நீட்டினார். அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார். முதலில் அவர் உதடு துடித்தது. பிறகு என் அண்ணி சிரித்தார். வழக்கு விசாரணையின் நடுவில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"துணிமணி, பெட்டி சேதத்துக்கு இருக்கிறதுலயே பெரிய தொகை. ஆஸ்பத்திரிச் செலவு, டிக் இருக்கு. பயணம் ரத்தானா ரயில் டிக்கெட்டும் துறைமுகத்து ஓட்டல் பணமும் திரும்பக் கிடைக்கும், தனியா ஒரு கட்டம் கொடுத்திருக்கான். அந்த ஒரு கட்டத்தை மட்டும் காலியா விட்டிருக்கீங்க. ஏன்?"

"கப்பல் ரத்தாகும்னு யார் கண்டா? அதுக்கு எதுக்கு வீணா?"

எனக்கு மெதுவாக விளங்கியது. அண்ணி போனை அந்தப் பெண்ணின் கையில் வைத்தார். "ரெண்டு நாளா எல்லாரும் இந்தப் பாலிசியோட நேரத்தையே பார்த்துக்கிட்டு இருந்தோம். பாலிசியை ஒருத்தரும் படிக்கல. நானும்தான். ஐயா, சட்டையைப் போடுங்க. ஆபீசுக்குப் போகணும்."

அத்தை பொத்தான் தைத்த சட்டையை ஓரமாக வைத்தார். சேலையை எடுத்து, கருகிய இடம் மேலே தெரியும்படி மடித்து, மடியில் வைத்துக்கொண்டு மாமாவையே பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்து எனக்கே ஒரு பாலிசி எடுத்தால் தேவலை என்று தோன்றியது. மாமா சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் கடையை விட்டு இறங்கினார்.

டிக்கெட் அலுவலகத்தில் நாங்கள் நுழையும்போது நாலு நாற்பது. மேனேஜர் மெல்லிய மீசைக்காரர். வேலை நீக்கக் கடிதம் தட்டச்சாகி, கையெழுத்து மட்டும் பாக்கியாக மேசை மேல் இருந்தது. அவர் பேனாவின் மூடியைக்கூடத் திறந்து வைத்திருந்தார்.

"விளக்கம் கொண்டு வந்தீங்களா, ஆளைக் கூட்டிட்டு வந்தீங்களா?" என்றார்.

"ரெண்டும்," என்று அண்ணி போனை அவர் முன்னால் வைத்தார். "படிங்க சார். கடைசிக் கட்டம் வரைக்கும் படிங்க."

படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார்.

"கப்பல் போகாதுன்னு தெரிஞ்ச ஆள், ரத்துக்கான கட்டத்தை மட்டும் விட்டுட்டு, கப்பல்ல கொண்டு போற துணிக்கு இன்ஷூரன்ஸ் எடுப்பாரா?"

"அந்த போன் கால்?"

"சாப்பிட்டீங்களான்னு கேட்டிருக்கா. கேட்ட விதத்துல ஒரு சேலை கருகிப் போச்சு. சேலையைப் பார்க்கணும்னா சலவைக்கடைக்கு வாங்க, ஆனா இப்ப வராதீங்க. அந்தம்மா இன்னும் வாயைத் திறக்கல."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். மேனேஜர் பேனாவை உருட்டினார். விட்டுக்கொடுக்க மனம் வராதவர்கள் செய்வது போலத் தொண்டையைக் கனைத்தார். "சரிங்க. ஆனா தலைமை அலுவலகம் என்னைத்தான் குடையுது. அறிவிப்புக்கு முன்னாடியே, செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கெல்லாம் ஊர்ல ரெண்டு பேர் ரத்தான்னு போன் போட்டுக் கேட்டிருக்காங்க. எங்கேருந்தோ வெளிய போயிருக்குல்ல?"

"போயிருக்கு," என்று அண்ணி பையிலிருந்து மஞ்சள் அடிக்கட்டையை எடுத்து, வேலை நீக்கக் கடிதத்தின் மேல் வைத்தார். "உங்க வெள்ளைக் கோட்டு. மூணு வருஷமா சிவப்புச் சீட்டு. கப்பல் கிளம்புற வாரத்துல, செவ்வாய்க்கிழமை ரெண்டேகால் மணிக்கு, முன் மேசைகிட்ட நின்னு, பத்து நாள் கழிச்சுப் போதும்னு சத்தமாச் சொல்லியிருக்கீங்க. கடையில அப்ப எத்தனை வாடிக்கையாளர் இருந்தாங்கன்னு நான் இன்னும் விசாரிக்கல. விசாரிக்கணுமா சார்?"

மேனேஜர் முகத்துக்கு அந்தக் கோட்டின் நிறம் வந்துவிட்டது. அவர் கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். யோசித்துவிட்டு நான்காகக் கிழித்தார். அடிக்கட்டையையும் சேர்த்துக் கிழிக்கப் போனவரின் கையிலிருந்து நான் அதை மரியாதையாக வாங்கிக்கொண்டேன்.

"இது கடைக்காரம்மாவோடது சார். திருப்பித் தரணும்."

"நாளைக்கு வழக்கம் போல வந்துடும்மா," என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார் மேனேஜர். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, அங்கேயே, எல்லார் முன்னாலும், மாமாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். "அழாதே, சட்டை கசங்கும்" என்றார் மாமா. அவர் கண்ணும் நனைந்துதான் இருந்தது.

அண்ணி வாசல் வரை போய்த் திரும்பினார். "அடுத்த தடவை கப்பல் போகாட்டியும் சிவப்புச் சீட்டே போட்டுடுங்க சார். கொஞ்சம் செலவுதான், ஆனா பத்திரம்."

கடைக்குத் திரும்பும் வழியில் மாமா பின்தங்கிக்கொண்டே வந்தார். மேனேஜரைப் பார்க்கப் போனபோது முன்னால் நடந்தவர், மனைவியைப் பார்க்கப் போகும்போது எங்கள் மூன்று பேருக்கும் பின்னால் ஒளிந்துகொண்டார்.

அத்தை ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தார். துணிகளில் எண் போடும் கறுப்பு மையும் தூரிகையும் கையில் இருந்தன. நாங்கள் நுழைந்ததும் இறங்கினார்.

"வேலை?"

"இருக்கு அத்தை."

"நல்லது." அத்தை மாமா பக்கம் திரும்பினார். "ஏங்க, கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்குன்னு நீங்க ஒரு துணி தேய்ச்சது இதுதான் முதல் தடவைன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்," என்றார் மாமா.

"அடுத்த கப்பலுக்கு டிக்கெட்டை மாத்திட்டியாம்மா?" இது அந்தப் பெண்ணுக்கு.

"நாளைக்குக் காலைல முதல் வேலையா மாத்திடறேன் அத்தை."

"மாத்தின கையோட இன்ஷூரன்ஸையும் எடுத்துடு. இவரை எடுக்க விடாதே. எல்லாக் கட்டத்துலயும் டிக் போடு." நீலச் சேலையை உதறித் தோளில் போட்டுக் காட்டினார். கருகல் நட்டநடுவில் இருந்தது. "இதைத்தான் கட்டிக்கப் போறேன். வெளிய தெரியற மாதிரியேதான் கட்டுவேன். யாராவது கேட்டா, அதோ நிக்கிறாரே அவர்தான்னு கையைக் காட்டுவேன்."

மாமாவின் முகத்தில் இரண்டு நாளில் முதல் முறையாக ஏதோ தளர்ந்தது. அவர் சிரிக்கலாமா என்று அனுமதிக்காகக் காத்திருப்பது போல நின்றார். அத்தை சுவரைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். வெளிறிய சதுரம் மறைந்து, பலகை பழைய ஆணிகளிலேயே தொங்கியது. பழைய வரிகளுக்கு நடுவே புது மை இன்னும் காயாமல் மின்னியது.

முப்பத்தோரு வருடம். வாடிக்கையாளர் துணி ஒன்றுகூடக் கருகியதில்லை. மனைவியின் துணி: தேய்த்தது ஒன்று, கருகியது ஒன்று.

மாமா அதை இரண்டு முறை படித்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்த பலகையை நேராக்கினார்.